வானம் கறுக்கும் முன்பே ‘அர்ஜுனா’ என்கிறான்

வணக்கம் அம்மா. செந்தூலில் பத்தாவது மாடி பிளாட்டில் குடியிருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். சொந்தமாகப் பேசுவது குறைவு, கேட்டதைத் திரும்பச் சொல்வான். எண்கள் என்றால் உயிர். லிஃப்டில் ஏறினால் ஒவ்வொரு மாடியையும் எண்ணாமல் விடமாட்டான்.

மழைதான் எங்களுக்குப் பிரச்சினை. கோலாலம்பூர் மழை உங்களுக்குத் தெரியாததா? மூன்று மணிக்குக் கறுக்கும், நான்கு மணிக்கு இடிக்கும். உடனே காதைப் பொத்திக்கொண்டு துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். இழுத்தால் கடிப்பான். போன மாதம் கரண்ட் போய் காற்றாடி நின்றதும் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான்.

இடி இடித்தால் என் மாமியார் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்பார். நம் பழைய வழக்கம்தானே. அதை இவன் பிடித்துக்கொண்டான். வெயில் அடிக்கும்போதே சொல்கிறான். மிக்சியை எடுத்தால் சொல்கிறான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று கத்தியபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த உளறலை நிறுத்தவேண்டும் என்கிறார் என் வீட்டுக்காரர். பயம் தெளியட்டும் என்று யூடியூபில் இடிச் சத்தத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார். இப்போது அவர் கைபேசியை எடுத்தாலே பிள்ளை ஓடுகிறான். மாமியார் மந்திரித்துப் பார்க்கலாம் என்கிறார். அந்த வார்த்தையை எப்படி மறக்கவைப்பது?

— ஒரு தாய், செந்தூல்

அன்புச் சகோதரிக்கு,

தயவுசெய்து மறக்கவைக்காதீர்கள். இடி, மிக்சி, ஜெனரேட்டர். நீங்களே எழுதிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ‘பெரிய சத்தம் வரப்போகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல அவனிடம் இருக்கும் ஒரே சொல் அது. பாட்டி பயந்தபோது சொன்னதைத் தன் பயத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டான். கேட்டதைத் திரும்பச் சொல்லும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேச்சுக்குள் நுழைகிறார்கள்.

அவன் சொன்னதும் பதில் கொடுங்கள். “ஆமாம் அய்யா, இடி வருது. காதுமூடி போட்டுக்கலாமா?” அவ்வளவு போதும். நாளடைவில் ‘அர்ஜுனா, இடி வருது’ என்று ஒரு சொல் கூடலாம். இதில் பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லைக் கொடுத்தவர் அவர்தானே! மந்திரிப்பதைப் பற்றி என் கருத்து வேறு. ஏற்கனவே மிரண்ட பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துப் புகை போடுவது அவனுக்கு இன்னொரு புயல்தான்.

அலமாரியிலிருந்து இழுக்காதீர்கள். இருட்டு, நெருக்கம், துணி சத்தத்தை அமுக்குவது எல்லாம் பார்த்து அவனே தேர்ந்தெடுத்த இடம் அது. ஒரு தலையணை, டார்ச் லைட், பேட்டரி காற்றாடி உள்ளே வையுங்கள். கதவு முழுக்கச் சாத்தாமல் காற்று வரட்டும். கரண்ட் போனபோது அவனை உடைத்தது இடி மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த காற்றாடிச் சத்தம் சட்டென்று நின்றதும் சேர்ந்துதான். காதுமூடி இடி நேரத்துக்கு மட்டும் போதும். நாள் முழுக்கப் போட்டால் சாதாரணச் சத்தமும் உறுத்தத் தொடங்கலாம். தலையை முட்டினால் நடுவில் தலையணையைக் கொடுங்கள், பேச்சைக் குறையுங்கள். அடிக்கடி முட்டினால் அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காதில் வலியோ சீழோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் நினைத்தது நல்லதுதான், செய்த விதம் தப்பு. வெயில் அடிக்கும் ஒரு காலையில், கேட்டும் கேட்காத அளவில், நிறுத்தும் பொத்தான் பிள்ளையின் விரலில் இருக்கும்போது செய்தால் அது வேறு விஷயம். ஆனால் இப்போது வேண்டாம். அப்பாவின் கைபேசி மேல் நம்பிக்கை திரும்பட்டும், அப்புறம் அன்றாடப் பழக்கங்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைக் கேட்டுத் தொடங்கலாம். அதுவரை அப்பாவுக்கு ஒரு வேலை தருகிறேன். எண்கள் உயிர் என்றீர்களே. ஒலி 1 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னல் வெட்டியதும் இருவரும் எண்ணட்டும். 9-ல் இடித்தால் அந்த மின்னல் 3 கிலோமீட்டர் தள்ளி. லிஃப்டில் மாடி எண்ணுகிற பிள்ளைக்கு இது பிடிக்க வாய்ப்புண்டு. மின்னல் வெளிச்சமே பயம் என்றால் விட்டுவிடுங்கள், திரையை இழுத்துவிடுங்கள்.

பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மாலை இடி அதிகம். வானிலைத் துறையான மெட்மலேசியாவின் இடிமழை எச்சரிக்கையைக் கைபேசியில் பார்த்து, ‘இன்று இடி வரலாம்’ என்று ஒரு படத்தைச் சுவரில் ஒட்டுங்கள். ‘வரும்’ என்று சத்தியம் செய்யாதீர்கள், வராத நாளில் அதுவே சண்டையாகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பத்தாவது மாடி என்கிறீர்கள், பால்கனி கிரில்லைப் பூட்டியே வையுங்கள். வெளியே மழை பிடித்தால் கையை விடாதீர்கள். மிரண்டு ஓடும் பிள்ளைக்கு நிறைந்து ஓடும் லோங்காங் வடிகால் கண்ணுக்குத் தெரியாது.

வெயிலிலேயே சொல்கிறான் என்றீர்களே, அதுதான் எனக்கு ஆவலாக இருக்கிறது. இடி 15 கிலோமீட்டர் தூரம்கூடக் கேட்கும். நாம் பேச்சிலும் டிவியிலும் அதைத் தவறவிட்டிருப்போம். இனி அவன் ‘அர்ஜுனா’ என்றதும் மணியைப் பாருங்கள். முதல் இடி உங்கள் காதில் விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து, எனக்கும் எழுதுங்கள்.