இரண்டரை வயதுக் குழந்தையோடு பொம்மை செய்ய கிட் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. அட்டைப்பெட்டி, பாட்டில் மூடி, பழைய துணி என்று வீட்டில் இருப்பதை வைத்து அவளோடு சேர்ந்து பொம்மை செய்ய ஆரம்பித்தேன். எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கிறாள். ஐந்தே நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறாள், மிச்ச வேலையெல்லாம் என் தலையில். மாதாமாதம் வீட்டுக்கே வரும் 'மூளை வளர்ச்சி' கிட்டுக்குச் சந்தா கட்டு, அதுதான் பாதுகாப்பு என்கிறாள் தோழி. கட்டலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் ஆரம்பித்த வழியே சரி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அளவு. அட்டை அழுக்கு, துணி பழசு என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். ஆனால் இந்த வயதில் பொம்மையால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் மூச்சுக்குழாயை அடைக்கும் சின்னப் பொருளால்தான் வருகிறது.

மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. அகலமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் டிஷ்யூ சுருளின் நடுவிலிருக்கும் அட்டைக் குழாய் போதும். அது சுமார் 4 செ.மீ. அகலம் என்பதால் இன்னும் கறாரான சோதனை. உங்கள் பாட்டில் மூடியைப் போட்டுப் பாருங்கள், நேராக உள்ளே போய்விடும். ஆகவே தனி மூடி கையில் கொடுக்காதீர்கள். பந்து என்றால் குழாய்ச் சோதனையும் போதாது. உருண்டைப் பொருள் தொண்டையில் போய் அப்படியே பொருந்திக்கொள்ளும், அதனால் 4.5 செ.மீ.க்குக் குறைவான பந்து வேண்டாம்.

சின்னப் பொருளுக்கு விலக்கே இல்லையா என்றால், ஒன்று உண்டு. பாட்டிலுக்குள் போட்டு மூடிய கிலுகிலுப்பை. இதைப் பாதி விவரத்தோடு கேட்டுவிட்டுச் செய்கிறவர்கள் அதிகம், அதனால் முழுதாகச் சொல்கிறேன். தண்ணீர் வாங்கினால் வருகிற மெல்லிய பாட்டில் உதவாது. நாலு தடவை மிதித்தால் மடிப்பில் விரிசல் விடும். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலாக எடுங்கள். உள்ளே ஈரம் துளியும் இருக்கக் கூடாது. பொத்தான்களைக் கால்வாசி மட்டும் போடுங்கள், நிறைத்தால் சத்தமே வராது. பயறு வகைகள் வேண்டாம், ஈரம் பட்டால் ஊதும், தப்பித் தவறி மூச்சுக்குழாயில் போனால் அங்கேயும் ஊதும். மூடியின் மரை முழுக்கப் பசை தடவி இறுக்கித் திருகி, ஒரு நாள் காயவிட்டு, மேலே அகலமான டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அப்புறம் நீங்களே முழு பலத்தோடு திருகிப் பாருங்கள், இடுப்பு உயரத்திலிருந்து பத்து தடவை தரையில் போடுங்கள். அசையவில்லை என்றால் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை டேப்பின் ஓரம் கிளம்பியிருக்கிறதா, அடியில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் ஒட்டுப்போட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. அட்டையில் ஸ்டேப்ளர் முள் இருந்தால் முதலில் பிடுங்குங்கள். சப்பிச் சப்பி ஊறிப்போன அட்டை கட்டியாகப் பிய்ந்து வரும், அதை மாற்றிவிடுங்கள். கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். மீந்துபோன சுவர் பெயின்ட், கதவு பெயின்ட் கூடவே கூடாது, பழையவற்றில் ஈயம் இருக்கக்கூடும். பலூன் வேண்டாம், உடைந்த பலூன் துண்டு தொண்டையை மூடிக்கொண்டால் எடுப்பது கடினம்.

இப்போது அந்த கிட். பெட்டியின் முன்பக்கம் தவழும் குழந்தை சிரிக்கும். பின்பக்கம் கடுகளவு எழுத்தில் '3 வயதுக்கு மேல்' என்று இருக்கும். உங்கள் குழந்தை கெட்டிக்காரி, அதனால் முன்னாடியே கொடுக்கலாம் என்று விற்பவர் சொல்வார். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் புத்திசாலித்தனத்தைப் பற்றியதே அல்ல, உள்ளே சின்னத் துண்டு இருக்கிறது என்பதற்கானது. 'நச்சற்றது' என்ற வார்த்தையும் அப்படித்தான். விஷமில்லை என்கிறதே தவிர, தொண்டையில் சிக்காது என்று சொல்லவில்லை. ஐரோப்பாவின் சி.இ. முத்திரையைப் பார்த்து யாரோ வெளியாள் சோதித்துக் கொடுத்த சான்று என்று நம்புகிறார்கள். பெரும்பாலான பொம்மைகளுக்குத் தயாரிப்பாளரே அறிவித்துப் போட்டுக்கொள்வது அது. சந்தா பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் 'ஆலோசகர்'களுக்கு இதெல்லாம் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. புகார் செய்தால், நாங்கள் இடத்தை மட்டும்தான் தருகிறோம் என்று விற்பனைத் தளம் விற்பவரைக் கைகாட்டும். விற்பவர் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி கடை விரிப்பார். எச்சரிக்கையைக் குழந்தைப் படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் அச்சிடச் சொல்ல எத்தனை வருடம் வேண்டும்?

கிட்டில் விளக்கு எரிகிறதா? உள்ளே பட்டன் பேட்டரி, அதாவது காசு மாதிரி வட்டமான சின்ன பேட்டரி இருக்கலாம். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சின்னக் காந்தம் இரண்டை விழுங்கினால் குடல் மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும்.

ஐந்து நிமிடத்தில் ஓடுவதைப் பற்றி. அது அவள் வயது, குறை அல்ல. நறுக்குவது, துளையிடுவது எல்லாம் அவள் தூங்கும்போது நீங்கள் முடித்துவிடுங்கள். கிழிக்க, கசக்க, திணிக்க, பசையைத் தடவ, கிறுக்க அவளை விடுங்கள். ஒரு பெட்டியின் மேல் தபால் பெட்டி மாதிரி நீளமாக ஒரு வாய் வெட்டிக்கொடுங்கள். உள்ளங்கை அளவு அட்டைத் துண்டுகளை அவளே கிறுக்கி உள்ளே போடட்டும். துண்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, எந்தப் பக்கமாகப் போனால் நுழையும் என்று அவள் தேடுகிறாள் பாருங்கள், கிட்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் மூளை வளர்ச்சி அதுதான். கோணலாக இருக்கிறதென்று நீங்கள் சரிசெய்யப் போகாதீர்கள்.

ஒருவேளை ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டீர்கள் என்றால், பெட்டியை அவள் இல்லாதபோது பிரியுங்கள். பேட்டரி, காந்தம், மணி, ஒட்டுக் கண்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தாளையும் அட்டையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்துக்குத் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருக்கும், அதை இன்றே எழுத்துமூலம் ரத்து செய்து பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.