முஷ்டியை மடக்கினால் பிபி குறையுமா?

18 வருஷமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். மாத்திரையின் பெயர், அளவு பற்றியெல்லாம் கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மேடம், எனக்கு 42 வயது, வங்கி வேலை. பிபி 150/95 இருக்கிறது. மாத்திரை இல்லாமல் இந்தப் பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

நம்பாதீர்கள். இந்த மாதிரித் தளர்வுப் பயிற்சிகளைப் பற்றிய 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கிற அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. மேல் அளவு சராசரியாக 5.5, கீழ் அளவு 3.5 குறைந்திருந்தது. அந்த ஆய்வுகளின் தரமே சுமார்தான் என்றும், சும்மா பேருக்கு ஒரு போலிப் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டபோது வித்தியாசம் உறுதியாகவில்லை என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கணக்குக்கு 150 என்பது 145 ஆகலாம், அவ்வளவுதான். பிறகு ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால், வருகிறவர்களில் பலருக்குத் தூக்கமும் கழுத்து வலியும் தேவலை ஆகிறது, எரிந்து விழுவது குறைகிறது. மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள்.

சரி, எப்படித்தான் செய்வது? யூடியூபில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

சிகாகோவில் இருந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற டாக்டர் இதைப் பற்றி 1929இல் புத்தகமே போட்டார். அவர் முறையில் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். 1973இல் பெர்ன்ஸ்டீன், போர்கோவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள், இன்று பெரும்பாலும் நடப்பது அதுதான்.

சாய்வு நாற்காலியோ பாயோ, எதுவும் சரி. வலது கை முஷ்டியை மடக்கி 5 முதல் 7 விநாடி இறுக்குங்கள், முழு பலத்தோடு வேண்டாம், பாதி பலம் போதும். அப்புறம் சட்டென்று விட்டுவிட்டு அரை நிமிஷம் அந்தக் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த அரை நிமிஷத்தில்தான், கடகடவென்று அடுத்த கைக்குப் போய்விடுவார்கள். இறுக்குவது சும்மா ஒரு ஒப்பீட்டுக்குத்தான், விடுவதுதான் பயிற்சி. இதே மாதிரி மேல்கை, பிறகு இடது பக்கம், நெற்றி, கண், தாடை, கழுத்து, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்குங்கள். 20 நிமிஷம் ஆகும். தாடையில் கூடுதலாக நேரம் கொடுங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேதான் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன் என்பது எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது!

இறுக்கும்போது பிபி ஏறாதா? அப்பாவுக்கு 67 வயது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்.

ஏறும், சரியாகக் கேட்டீர்கள். தசையை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்தச் சில விநாடிகள் பிபி கூடத்தான் செய்யும், மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். அப்பாவுக்கு அவருடைய இதய டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அவர் சரி என்றாலும் இறுக்குகிற பகுதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு இடமாக மனதை வைத்துத் தளர்த்துவது மட்டும் போதும்.

பாதம் வரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.

விரலைக் கீழ்நோக்கி நீட்டாதீர்கள், உங்கள் முகத்தை நோக்கி மடக்குங்கள். நேரத்தையும் 3 விநாடியாகக் குறையுங்கள்.

இது நம்ம சவாசனம்தானே அக்கா? வெள்ளைக்காரன் பேரை மாற்றி விற்கிறான்.

சொந்தம்தான், ஆனால் ஒன்றில்லை. சவாசனத்தில் இறுக்குகிற வேலை கிடையாது. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் தாத்தேயும் கூட இருந்தவர்களும் 47 ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனம் சொல்லிக்கொடுத்து, 1969இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள். என் அனுபவத்தில், ‘உடம்பைத் தளர்த்துங்கள்’ என்றால் எப்படி என்று விழிக்கிறவர்களுக்கு முதலில் இறுக்கிக் காட்டுவதுதான் சுலபம்.

பயிற்சி முடித்த கையோடு பார்த்தேன், 128/80! பத்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

அய்யா, இன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள். 20 நிமிஷம் அசையாமல் படுத்து எழுந்தால் யாருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், மீதி நாள் முழுக்க அதே அளவில் இருக்கும் என்று அர்த்தமில்லை. சில வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பிபி முன்பைவிட மேலே எகிறும். பார்ப்பதென்றால் காலையில் மாத்திரைக்கு முன்னும் ராத்திரியும் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிஷம் உட்கார்ந்த பிறகு, பேசாமல் பாருங்கள். சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஒரு வாரம் எழுதிவைத்து அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள், குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்வார்.

கண்ணை மூடித் தளர்த்த ஆரம்பித்தாலே படபடப்பு கூடுகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை, இப்படிச் சிலருக்கு வரும். கண்ணைத் திறந்தே வைத்து, உட்கார்ந்தபடி, இரண்டு கைகளை மட்டும் ஒரு வாரம் செய்து பாருங்கள். அப்படியும் வந்தால் விட்டுவிடுங்கள், நடைப்பயிற்சி போகலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறலோடு வருகிற படபடப்பு என்றால் அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆபீஸ். 20 நிமிஷத்துக்கு எங்கே போவேன்?

முதல் இரண்டு வாரம் மட்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு முழுசாகச் செய்து உடம்புக்குப் பழக்கிவிடுங்கள், நடுவில் தூங்கிப்போனாலும் பரவாயில்லை. அப்புறம் குக்கர் மூன்று விசில் வருவதற்குள் தோளையும் தாடையையும் முடித்துவிடலாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செய்யுங்கள்.