சர்க்கஸ் வேலை: முன்பணத்தில் கை வைக்கும் முன்

கேள்வி: எனக்கு 22 வயது, விழுப்புரம் பக்கம். சிறு வயதிலிருந்தே மல்லர் கம்பம் பழகியவன். வடமாநிலங்களில் முகாம் போடும் ஒரு சர்க்கஸில் பார் ஆடும் (உயரத்தில் தொங்கும் கம்பியில் ஊஞ்சலாடி வித்தை காட்டும்) வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் ஒருவர் வந்தார். முன்பணம் 60,000 ரூபாய், ஒப்பந்தம் 3 ஆண்டு. ஆதாரும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் ஒரிஜினலாக அவர்களிடம் இருக்க வேண்டுமாம். நன்றாக உடல் வளையும் என் 13 வயதுத் தங்கையையும் கேட்கிறார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். சேரலாமா?

பதில்: தங்கை போகக் கூடாது. இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. "சினிமாவில் குழந்தைகள் நடிக்கவில்லையா?" என்று ஏஜென்ட் கேட்பார். சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றுக்கு 2016 திருத்தத்தில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதே பிரிவில் சர்க்கஸ் நீங்கலாக என்றும் எழுதியிருக்கிறது. வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காசுக்காக அனுப்பினால் அப்பா மீதும் வழக்கு வரலாம். சர்க்கஸ்களில் சோதனை நடத்தி அங்குள்ள குழந்தைகளை மீட்கும்படி 2011-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.

உங்கள் ஆசையில் தவறில்லை. மல்லர் கம்பம் பழகிய உடம்புக்கு ஏற்ற வேலைதான், கௌரவமான கலையும்கூட. நான் பயப்படுவது அந்த 60,000 ரூபாயைப் பார்த்துத்தான். முன்பணம் கொடுத்து, அது கழியும் வரை வெளியே போகக் கூடாது, வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று பிடித்து வைத்தால், 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அது கொத்தடிமை முறை. அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பே உங்களுக்கு இல்லை. அப்படி வேலை வாங்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஏஷியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மொழி தெரியாத ஊரில், கூடாரத்துக்குள் இருந்துகொண்டு இதையெல்லாம் நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் முன்பணமே வாங்காதீர்கள். வீட்டில் பணமுடை என்றால் அதற்கு வேறு வழி பாருங்கள்.

ஒரிஜினல்களையும் கொடுக்காதீர்கள், நகல் போதும். ஏஜென்டை விட்டுவிட்டு, அந்த சர்க்கஸ் இப்போது எங்கே முகாம் போட்டிருக்கிறது என்று விசாரித்து நேரில் போங்கள். ஒரு காட்சி பாருங்கள். பார் ஆடும்போது கீழே வலை கட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். காட்சி முடிந்ததும் ஆட்டக்காரர்களிடம் தனியாகப் பேசுங்கள். சம்பளம் மாதாமாதம் வருகிறதா, போன முறை ஒருவர் விழுந்தபோது ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் எந்தப் பத்திரத்தையும் விட முக்கியம்.

சரி, திருப்தியாக இருந்தால் ஓராண்டுக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள், உங்களுக்குப் புரியும் மொழியில். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். சாப்பாடு, தங்குமிடம் என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும், விபத்துக் காப்பீட்டின் பாலிசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம் என்ற வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நடுவில் விலகினால் போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்று மிரட்டுவார்கள். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். ஏமாற்றும் எண்ணத்தோடுதான் சேர்ந்தீர்கள் என்று காட்ட முடிந்தாலொழிய அது குற்றமாகாது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமே தவிர, பாரில் ஏறி ஆடு என்று உங்களுக்கு எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது.

ஒருவேளை வெளியே விடாமல் தடுத்தால் 112-க்கு அழையுங்கள். வீட்டார் சர்க்கஸ் முகாம் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்குப் புகார் அனுப்பலாம். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் உதவும். கட்டாய உழைப்பில் சிக்கியவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வக்கீல் இலவசம்.