நகை விலை ஏறினால் கடனையும் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேப் வேலை. கைக்கு 27,000 ரூபாய் வருகிறது, வீட்டுச் செலவு போக 9,000 நிற்கும். திரைக்கதை எழுதுகிறேன், இரண்டு ஸ்கிரிப்டை முழுசாக முடித்து அச்சடித்து பைண்ட் செய்து (பவுண்ட் ஸ்கிரிப்ட்) வைத்திருக்கிறேன். 2023 ஜூனில் அம்மாவின் ஆறு பவுன் நகையைத் தனியார் பைனான்ஸில் 15 சதவீத வட்டிக்கு வைத்து ஒன்றரை லட்சம் வாங்கினேன். லேப்டாப், சென்னையில் ஒரு திரைக்கதை வகுப்பு, ஒரு பைலட் படம் (மாதிரிக் குறும்படம்), வெளிநாட்டு ஸ்கிரிப்ட் மதிப்பீட்டுத் தளங்களின் சந்தா 14,000 என்று செலவானது. 2024-ல் மாற்றி வைக்கும்போது 2.20 லட்சம், 2025-ல் 3.10 லட்சம் என்று ஏற்றி வாங்கினேன். சாலிகிராமத்தில் இருக்கும் பெரியப்பா மகன், கதையை இயக்குநர்களிடம் சேர்க்க முதலில் 40,000, பிறகு ஒரு மேனேஜருக்கு என்று 35,000 வாங்கினார். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இப்போது ஒரு தயாரிப்பாளர் ரெடி, ஒரு லட்சம் போட்டால் இணைத் தயாரிப்பாளர் என்று பெயரும் வரும் என்கிறார். ஜூனில் கெடு. இன்னும் ஏற்றி வாங்கலாமா? நண்பர் ஒருவர் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து கடனை அடைத்துவிடலாம் என்கிறார். வேலையை விட்டு உதவி இயக்குநராகச் சேரலாமா என்றும் யோசனை. அம்மாவுக்கு ஒன்றரை லட்சம் என்றுதான் தெரியும்.
- பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

பதில்: ஏற்றி வாங்கக் கூடாது. ஒரு ரூபாய்கூட.

சேமிப்பு, காப்பீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். கடிதத்திலேயே கணக்கைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் குறை இல்லை, எழுதும் ஆசையிலும் குறை இல்லை. கெடுதல் செய்வது ஒரே பழக்கம்தான். ஜூன் வந்ததும் பைனான்ஸ் கவுன்டரில் "விலை ஏறியிருக்கு சார், இன்னும் கொஞ்சம் தரலாம்" என்று சொன்னதும் தலையாட்டுகிறீர்கள். ஏறியது அம்மாவின் சொத்தின் மதிப்பு. அதை நீங்கள் வருமானம் மாதிரி செலவு செய்கிறீர்கள்.

இரண்டு முறை மாற்றி வைத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2024-ல் புதுக்கடன் 2,20,000. அதில் பழைய அசல் 1,50,000, வட்டி 22,500 பிடித்தம். கைக்கு வந்தது 47,500. 2025-ல் புதுக்கடன் 3,10,000. பழைய அசல் 2,20,000, வட்டி 33,000 போக, கைக்கு 57,000. மூன்றும் சேர்த்து நீங்கள் கண்ணால் பார்த்த பணம் 2,54,500. கடனோ 3,10,000. இடையில் இருக்கும் 55,500 முழுவதும் வட்டி, அசலாக உருமாறி உட்கார்ந்திருக்கிறது. இந்த ஜூனில் இன்னொரு 46,500 சேர்ந்து 3,56,500 ஆகும். அண்ணன் கேட்கும் ஒரு லட்சத்தையும் ஏற்றினால் 4,56,500. அதற்கு ஆண்டு வட்டி மட்டும் 68,500, அதாவது மாதம் 5,700. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அசலில் ஒரு ரூபாய் குறையாமல்.

விலை இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நகை மதிப்பின் விளிம்பு வரை கடன் வாங்கியவரிடம்தான் முதலில் "வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்று போன் வரும். கட்டாவிட்டால் நோட்டீஸ், பிறகு ஏலம். கடன் போக மிச்சமிருந்தால் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஆனால் விளிம்பில் இருக்கும் கடனில் பெரிதாக மிச்சம் இருக்காது.

இன்னொரு மாற்றமும் உங்களைத் தொடும். 2026 ஏப்ரல் முதல் தேதியைக் கெடுவாக வைத்து ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நகைக்கடன் விதிகளின்படி, ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனை மாற்றி வைக்க வேண்டுமென்றால் சேர்ந்த வட்டியை முதலில் கட்டியாக வேண்டும். நகை மதிப்பில் இத்தனை சதவீதம் என்ற வரம்பும், அசலோடு ஆண்டு முடிவில் வரும் வட்டியையும் சேர்த்துத்தான் பார்க்கப்படும். அப்படியானால் ஜூனில் 46,500 ரொக்கம் வேண்டும். அதற்காக, இரண்டு நாளில் தருகிறேன் என்று மூணு வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) கைமாற்று வாங்கும் வேலையைப் பலர் செய்கிறார்கள். இரண்டு நாள் இரண்டு மாதமாகும். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி அண்ணனிடம் கொடுத்த அந்த 75,000. உங்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன்: காசு கொடுத்து வாங்க நினைத்த பொருள் கடையிலேயே இல்லை. தமிழ் சினிமாவில் கதையைப் படிப்பதைவிடக் கேட்பதுதான் வழக்கம். 150 பக்க பவுண்ட் ஸ்கிரிப்ட் ஒரு ஆபீஸுக்குப் போனால் முதலில் பார்ப்பவர் இயக்குநர் அல்ல; ஒரு அசோசியேட் (இணை இயக்குநர்), அல்லது கம்பெனியில் கதை கேட்கும் ஆள். அவர் பத்து நிமிடம் கேட்பார். பிடித்திருந்தால்தான் அடுத்த கதவு. "இயக்குநர் டேபிளுக்குப் போயிடும்" என்று நம்பி அண்ணனிடம் கொடுத்த பணம் அந்தப் பத்து நிமிடத்தை வாங்கித் தரவில்லை, தரவும் முடியாது. கதையை வாங்கும் அதிகாரம் உள்ளவருக்குப் படிக்கக் கூலி தேவையில்லை. கூலி கேட்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

பணம் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள், குழப்பம் தீரும். கதை விலைபோனால் அட்வான்ஸ் எழுத்தாளருக்கு வரும். வருமான வரிச் சட்டத்தில் கதை, திரைக்கதை, வசனம் எழுதுபவர்களும் திரைக் கலைஞர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். தொகை வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்தம் போக வங்கிக் கணக்குக்கு வரும். உங்களிடமிருந்து ஒரு லட்சம் ரொக்கமாகப் போய், பதிலுக்கு ஒரு பட்டம் வருவது கதை விற்பனை ஆகாது. இணைத் தயாரிப்பாளர் என்றால் எந்தப் படம், மொத்தச் செலவு என்ன, உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எந்த வருமானத்தில், படம் நின்றால் பணம் எப்போது திரும்பும் என்று பத்திரத்தில் இருக்க வேண்டும். அண்ணனிடம் இதை மட்டும் கேளுங்கள்: "கம்பெனி லெட்டர்பேடில் டிராப்ட் ஒப்பந்தம் அனுப்பச் சொல்லுங்கண்ணே, வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்." சண்டை வேண்டாம், பெரியப்பா வீட்டோடு உறவும் கெட வேண்டாம். டிராப்ட் வராது என்பது என் கணிப்பு. வந்தால் எனக்கு அனுப்புங்கள்.

கடனை எப்படி இறக்குவது? இரண்டு பவுனை விற்க வேண்டும். அம்மாவின் நகை, விற்பது வலிக்கும். ஆனால் ஆறையும் காப்பாற்றப் போய் ஆறும் போகிற நிலையில் இருக்கிறீர்கள். பழைய நகைக்கான கழிவு போக ஒரு பவுனுக்கு 90,000 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்; ஆறு பவுன் 5.40 லட்சம். ஒரு பொதுத்துறை வங்கியில் இந்தக் கடனைத் தங்கள் வங்கிக்கு மாற்றிக்கொள்வார்களா என்று மே முதல் வாரமே கேளுங்கள். அங்கே ஒரே ரசீதாக வைக்காதீர்கள். இதுவரை நீங்கள் செய்த பெரிய நடைமுறைப் பிழை அதுதான்: ஆறு பவுனும் ஒரே ரசீதில் இருப்பதால் மொத்தத்தையும் கட்டாமல் ஒரு மோதிரத்தைக்கூட வெளியே எடுக்க முடியவில்லை. வளையல் இரண்டு பவுனும் ஒரு ரசீதில் 1,35,000. செயினும் மற்றவையும் நான்கு பவுன் இன்னொரு ரசீதில் 2,21,500. கூட்டினால் 3,56,500, பைனான்ஸ் கணக்கு முடிந்தது.

அடுத்து, வழக்கமாக நகை வாங்கும் கடைக்காரரை வங்கிக்கே அழைத்துப் போங்கள். அவர் 1,35,000 கட்டி வளையலை மீட்டு, விலை 1,80,000-ல் மிச்சம் 45,000 தருவார். அதை அன்றே இரண்டாவது ரசீதில் கட்டினால் கடன் 1,76,500. மாதத் தவணைக் கடனாக 9.5 சதவீதத்தில் 30 மாதம் என்றால் சுமார் 6,650. உங்கள் 9,000-க்குள் அடங்குகிறது. "அடகு நகையை மீட்டு உடனே பணம்" என்று போர்டு போட்டிருக்கும் கடைகளுக்குப் போகாதீர்கள். கழிவிலும் கமிஷனிலும் ஒரு பவுனுக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன் அம்மாவிடம் உண்மைத் தொகையைச் சொல்லுங்கள். நகை அவருடையது; எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான்.

தவணை போக நிற்கும் 2,350-ல் மாதம் 1,500 சினிமாவுக்கு. போதும், உண்மையாகவே போதும். முதலில் பதிவு. பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகப் பதிய ஒரு ஸ்கிரிப்டுக்கு 500 ரூபாய், ஆன்லைனிலேயே. ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. பதியாவிட்டாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான், ஆனால் தேதியை நிரூபிக்க இது உதவும். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினரானால் அங்கும் பதியலாம். ஒன்று மனதில் இருக்கட்டும்: வெறும் ஐடியாவுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிய காட்சிகளுக்குத்தான் பாதுகாப்பு. அதனால் ஒன்லைனை (ஒரு வரிக் கதையை) மட்டும் பதிந்துவிட்டு ஊரெல்லாம் சொல்லாதீர்கள். முழு ஸ்கிரிப்டைப் பதியுங்கள்.

பவுண்ட் அச்சடிப்பதை நிறுத்துங்கள். வேண்டியது ஒரு பக்கம்: நாயகன் யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, இடைவேளை எங்கே விழுகிறது, முடிவு என்ன. கடைசி இரண்டு வரியில் எத்தனை லொக்கேஷன், இரவுக் காட்சிகள் எவ்வளவு, ஏறத்தாழ எத்தனை நாள் ஷூட்டிங் என்று இருக்கட்டும். தயாரிப்புத் தரப்பு முதலில் கேட்பது அதைத்தான். யூனிகோடில் அடித்து பிடிஎப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு பைல் அவர் போனில் கட்டம் கட்டமாகத் திறக்கும், அதோடு முடிந்தது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த டிராப்ட் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும்.

சென்னைக்கு மாதாமாதம் ஓடவும் வேண்டாம். கிளாம்பாக்கத்தில் இறங்கி வடபழனி சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும், லீவும் போகும். சந்திப்பு நேரம் உறுதியான பிறகு மட்டும் கிளம்புங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. அரசும் நவதர்சன் திரைப்படக் கழகமும் அலையன்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் விருது வாங்க இயக்குநர்கள் நேரில் வருவது வழக்கம். புதுச்சேரியில் அடிக்கடி ஷூட்டிங்கும் நடக்கிறது. அங்கே இயக்குநரைத் துரத்தாதீர்கள். வேலை முடிந்து டீ குடிக்கும் அசோசியேட்டிடம் பேசுங்கள், ஸ்கிரிப்டை நீட்டாதீர்கள். ஒரு பக்கம் அனுப்ப அனுமதி மட்டும் கேளுங்கள்.

உங்கள் செலவுப் பட்டியலில் வெளிநாட்டு ஸ்கிரிப்ட் மதிப்பீட்டுத் தளங்களுக்கு டாலரில் கட்டிய 14,000 இருக்கிறது. ஆங்கில ஸ்கிரிப்டுக்கான சந்தை அது. உங்கள் தமிழ் ஸ்கிரிப்டை மொழிபெயர்த்து அங்கே மார்க் வாங்கினாலும் சாலிகிராமத்தில் அதற்கு மதிப்பு கிடையாது. அந்தச் சந்தாவை இன்றே நிறுத்துங்கள், கார்டில் தானாகப் பிடிக்கும் அனுமதியையும் சேர்த்து.

நாளை ஒருவர் கதையை வாங்க முன்வந்தால், கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு மாதிரி எழுதாத வரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். "காலவரையின்றி" என்ற சொல்லைப் பார்த்தால் பேனாவை மூடுங்கள்.

ஆப்ஷன் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. நண்பரிடம் லாப ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். புரோக்கர் தரும் முழு ஆண்டு லாப நஷ்டக் கணக்கைக் கேளுங்கள்.

வேலையை விடுவது தவறு என்று சொல்ல மாட்டேன். உதவி இயக்குநராகச் சேர்ந்தால்தான் கதை சொல்லும் கதவுகள் பலருக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் அங்கே முதல் படத்தில் சம்பளம் சொற்பம், அதுவும் ஒழுங்காக வரும் என்று சொல்ல முடியாது. வங்கிக் கடன் முடிந்து, வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம், மாதம் 18,000 வீதம் 1,08,000, அம்மா பெயரில் தனியாக இருந்தால் போங்கள். அதற்கு முன்பே ஒரு இயக்குநர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், சம்பளமில்லாத லீவு எத்தனை மாதம் கிடைக்கும் என்று கம்பெனியில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.