பருத்தி வழக்கில் யாருக்குப் பணம் கிடைத்தது?

வணக்கம் ஐயா,

உலக வர்த்தக விதிகள் ஏழை நாடுகளுக்குப் பாதகமானவை என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்காவுக்கும் மாலிக்கும் ஒரே சட்டம்தான். அமெரிக்காவே வழக்குகளில் தோற்றிருக்கிறது. தென்கொரியா ஏழை நாடாக இருந்துதானே முன்னேறியது? சொந்த ஊழலை மறைக்கத்தான் பணக்கார நாடுகள் மீது பழி போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்கா தோற்றது உண்மைதான். அந்தத் தோல்விகளில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம், நான் சொல்ல நினைப்பது அதிலேயே இருக்கிறது.

அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுத்த மானியத்தை எதிர்த்து 2002-ல் பிரேசில் வழக்குப் போட்டது. விலை விழுந்தாலும் மானியம் வாங்குபவர் சாகுபடியைக் குறைக்க வேண்டியதில்லை, அவர் விளைவித்துக்கொண்டே இருக்க உலகச் சந்தையில் விலை இன்னும் விழும், அடி முழுக்க மானியம் இல்லாதவர் தலையில். பிரேசில் 2004-ல் ஜெயித்தது, 2005-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. அமெரிக்கா போதுமான அளவு மாறவில்லை. அதனால் 2009-ல் பதிலடி கொடுக்க பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது: அமெரிக்கச் சரக்குகள் மீது வரியை ஏற்றலாம், காப்புரிமை விஷயங்களிலும் கைவைக்கலாம். எந்தெந்தச் சரக்கு என்று பிரேசில் பட்டியல் போட்ட பிறகுதான் அமெரிக்கா இறங்கி வந்தது. அப்போதும் மானியத்தை நிறுத்தவில்லை. பிரேசிலின் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தருவதாக 2010-ல் ஒப்புக்கொண்டு, 2014-ல் கடைசியாக 30 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

அதே மானியத்தால் அடிபட்டவை பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி என்ற ஆப்பிரிக்க நாடுகள். அங்கே பருத்தி போடுபவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள், வெடித்த காயைக் குடும்பமே வயலில் இறங்கிக் கையால் பறிக்கிறது, ஆலைக்காரர் சொல்லும் விலைதான் அந்த வருஷத்து வருமானம். இந்த நான்கு நாடுகளும் 2003-ல் உலக வர்த்தக அமைப்பிடம் சேர்ந்தே முறையிட்டன. பெனினும் சாடும் பிரேசில் வழக்கில் மூன்றாம் தரப்பாகவும் சேர்ந்தன. நஷ்ட ஈடு பேசும்போது அவை மேஜையில் இல்லை. பிரேசில் அந்த நிதியிலிருந்து ஆப்பிரிக்கப் பருத்திக்கான ஒத்துழைப்புத் திட்டங்களுக்கும் செலவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி? உலக வர்த்தக அமைப்புக்குப் போலீஸும் கிடையாது, ஜப்தி அதிகாரியும் கிடையாது. தோற்றவர் கேட்கவில்லை என்றால், ஜெயித்தவர் தன் சந்தையில் அவருடைய சரக்குக்கு வரி போடலாம். பிரேசில் போட்டால் அமெரிக்க ஏற்றுமதியாளருக்கு வலிக்கும். மாலி போட்டால் அமெரிக்காவில் ஒருவருக்கும் தெரியாது, மாலியில் அந்தச் சரக்கை வாங்குபவருக்குத்தான் விலை ஏறும். சட்டம் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்வது சரி. தீர்ப்பை அமல்படுத்தும் பலம் உங்கள் சந்தையின் அளவைப் பொறுத்தது, நான் பாதகம் என்று எழுதியது இதைத்தான்.

தென்கொரியாவுக்கு வருகிறேன். அந்த நாடு கதவைத் திறந்து போட்டுவிட்டு முன்னேறவில்லை. ஏற்றுமதி செய்து காட்டும் கம்பெனிகளுக்கு அரசு மலிவு வட்டியில் கடன் கொடுத்தது, 1980கள் வரை வெளிநாட்டுக் கார்களை உள்ளே விடாமல் தன் கார் தொழிலை வளர்த்தது. ஏற்றுமதியை நிபந்தனையாக வைத்துத் தரும் மானியம், உள்நாட்டு உதிரிபாகத்தைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம், இரண்டுமே 1995-ல் வந்த விதிகளில் தடை செய்யப்பட்டவை, மிக ஏழை நாடுகளுக்குச் சில விலக்குகள் உண்டு என்றாலும்.

ஊழல் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, அதற்கு அந்த அரசுகளே பொறுப்பு. ஆனால் மாலியில் நாளைக்கே அப்பழுக்கில்லாத ஓர் அரசு வந்தாலும் பருத்தியின் உலக விலை அதன் கையில் இல்லை.

அப்புறம், இன்றைய நிலைமை இதைவிட மோசம். புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமர்வு செயல்படவில்லை. தோற்றவர் மேல்முறையீடு செய்தால் வழக்கு அப்படியே தொங்கும். நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடுத்ததற்காக ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்கில் தோற்ற இந்தோனேசியா 2022-ல் இதையே செய்தது, அதன் கையில் நிக்கல் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும். பெனினோ சாடோ இனி ஒரு வழக்கில் ஜெயித்தாலும், தோற்ற பெரிய நாடு இதே வழியில் போனால், அந்த விவசாயி எத்தனை அறுவடைக்குக் காத்திருப்பார்?

அன்புடன்