எழுத்தோரத்தில் வெள்ளைக் கோடுகள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் கடலோரமாகக் குடியிருக்கிறேன். என் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜின் கவருக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்து அடுப்புச் சூட்டில் உருக்கும் பூச்சு) போட்டு, மேடான எழுத்துகளை மட்டும் தேய்த்து அலுமினியம் தெரிய வைத்து, மேலே கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்துத் தந்தார்கள். சில மாதங்களிலேயே எழுத்தோரத்தில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். மறுபடி கிளியர் அடிக்கக் கடைக்காரர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கோடுகள் கிளியருக்கு அடியில் ஓடும் அரிப்பு. மேலே எத்தனை தடவை அடித்தாலும் உள்ளே அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தேய்க்கும்போது கறுப்புப் பூச்சும் வெற்று உலோகமும் சந்திக்கும் ஓரம் திறந்துகொள்கிறது. அங்கே கைப்பட்ட எண்ணெயோ உப்போ இருந்து, மேலே கிளியரும் மெல்லியதாக இருந்தால், பினாங்குக் கடற்காற்றின் ஈரம் அதன் வழியே நுழைந்துவிடும். கண்ணாடிபோல் பாலிஷ் செய்த அலுமினியத்தில் கிளியர் சரியாகப் பிடிப்பதும் இல்லை. சற்றுச் சொரசொரப்பாக, ஒரே திசையில் தேய்த்த பரப்பில்தான் நன்றாக நிற்கும்.

சரியான வேலை என்றால், முதலில் எழுத்துகளின் மேலுள்ள பழைய கிளியரை முழுக்க எடுக்க வேண்டும். அரிப்பு கறுப்புக்கு அடியிலும் போயிருந்தால் கவர் முழுவதையும் உரிக்க வேண்டும். பிறகு கையுறை போட்டுச் சுத்தம் செய்து, அலுமினியத்துக்கான ரசாயன முன்பூச்சு கொடுத்து, அன்றே கிளியர் பவுடரைக் கறுப்பு, வெற்று உலோகம் இரண்டையும் சேர்த்து மூடும்படி போட்டு அடுப்பில் வைக்க வேண்டும். அடுப்புச் சூடு ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். அதனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களைக் கழற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கடலோர வீட்டுக்கு எழுத்தில் கிளியரே வேண்டாம். வெற்று அலுமினியம் மங்கும், அவ்வளவுதான். மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைத்து, மெழுகு தடவினால் மறுபடி மின்னும். துடைக்கும்முன் சுற்றியுள்ள கறுப்பில் டேப் ஒட்டுங்கள், மேட் கறுப்பில் பாலிஷ் பட்டால் பளபளப்புத் திட்டு விழும். வெற்று இரும்பு என்றால் இது நடக்காது, துரு பிடித்துவிடும்.

கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் ரசீதும் படங்களும் வைத்துக்கொண்டு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), கோரும் தொகைக்கு வரம்பு 50,000 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.