வாசகர் கேள்வி – பதில்: கிரகரி வாவியில் வள்ளம் ஏறமுன்

இந்த முறை நுவரெலியாவையும் அங்குள்ள வாவியையும் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பன்னிரண்டு பேர், ஒரு ஹையேஸ் வான். இரவு எட்டு மணிக்கு வெளிக்கிட்டு, விடியக் காலமை நுவரெலியாவில் இறங்கி நேரே வாவிக்குப் போகலாமா? (கோண்டாவில்)

போகலாம், ஆனால் போகாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ9 வீதி 321 கிலோமீற்றர். பிறகு கம்பளை, புசல்லாவை, றம்பொடை ஊடாக இன்னும் எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் றம்பொடை வளைவுகளுக்கு வரும்போது விடியப்புறம் மூன்று நாலு மணியாகும். சாரதிக்கு நித்திரை கண்ணைச் சொருகும் நேரமும் அதுதான், பனிமூட்டம் இறங்கும் நேரமும் அதுதான். பனிமூட்டத்துக்குள் பெரிய வெளிச்சத்தைப் போட்டால் அது திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், வீதி தெரியாது. சிறிய வெளிச்சத்தோடு மெல்ல ஓட வேண்டும்.

இரவு பத்து, பத்தரைக்கு வெளிக்கிடுங்கள். கண்டியில் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, நன்றாக விடிந்த பிறகு மலை ஏறுங்கள். அன்று ஓய்வு, மறுநாள் காலையில் வாவி. மாற்றுச் சாரதி ஒருவர் கட்டாயம் வேண்டும்.

திரும்பி வரும்போதுதான் உண்மையான சோதனை. குடாநாட்டின் மட்ட வீதியில் ஓடிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் மிதி பஞ்சுபோல உள்ளே போகும், வான் நிற்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எரிந்த மணம் வந்தால் ஓரங்கட்டி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். சில்லுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான இரும்பு வெடித்துவிடும்.

வாந்திக் குளிசையைப் புசல்லாவையில் தேடிப் பயனில்லை. அது வேலை செய்ய அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்பதால் கண்டியிலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? (சுன்னாகம்)

பெப்ரவரி, மார்ச். ஏப்ரலில் வசந்த காலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே நெருக்கும். அறை வாடகை ஏறும், வள்ளத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. நாங்கள் வெயிலில் வாடும் அந்த மாதங்களில் மேற்கு மலைச்சரிவுகள் நனைந்துகொண்டிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. விடியற்காலைப் பனிமூட்டம் கலைந்திருக்கும், மத்தியானக் காற்று இன்னும் கிளம்பியிராது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வழமை. முதல் இடி கேட்டதும் கரைக்குத் திரும்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணித்தியாலம் போகும்வரை மீண்டும் ஏற வேண்டாம், காசு போனாலும் பரவாயில்லை.

கேள்வி: நாங்கள் கடற்கரைக்காரர். சின்ன வயதிலேயே நீந்தப் பழகிய எங்களுக்கும் லைப் ஜாக்கெற் எதற்கு? (குருநகர்)

உங்களுக்குத்தான் முக்கியம். உப்புத் தண்ணீர் ஆளைத் தாங்கும், நன்னீர் அவ்வளவு தாங்காது. ஒரு லீற்றர் கடல்நீர் அதே அளவு நன்னீரைவிட ஏறக்குறைய 25 கிராம் பாரம். எழுபது கிலோ ஆளுக்குக் கணக்குப் பார்த்தால், கடலில் கிடைக்கும் தாங்கலில் ஒன்றே முக்கால் கிலோ அளவு வாவியில் குறைகிறது. கடலில் சும்மா மிதந்து பழகிய உடம்பு இங்கே வாய் மட்டத்துக்கு அமிழும்.

அதைவிட மோசமானது குளிர். எங்கள் கடல் ஏறத்தாழ 28 பாகை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையே 16 பாகையளவுதான். குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தால் நெஞ்சு தானாகவே ‘ஹக்’ என்று மூச்சை இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். எத்தனை கெட்டிக்கார நீச்சற்காரராலும் இதை அடக்க முடியாது. இளைப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். அதுவரை நீந்த முயலாமல் மல்லாந்து கிடந்து, வள்ளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கவே ஜாக்கெற்.

போட்டால் மட்டும் போதாது. எல்லாக் கொளுக்கிகளையும் மாட்டி வாரை இழுத்து இறுக்குங்கள். பிறகு ஒருவர் அதைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். நாடி, காது வரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள். சிறுவருக்குக் கால்களுக்கு இடையால் போகும் வார் உள்ளதைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் ஜாக்கெற் மிதக்கும், பிள்ளை கீழால் நழுவிவிடும். சேலைத் தலைப்பை ஜாக்கெற்றுக்குள் செருகுங்கள். காலால் மிதித்து ஓட்டும் மிதி வள்ளம் என்றால் பஞ்சாபி உடுப்புதான் வசதி.

கேள்வி: போன முறை அன்னப் படகு எடுத்தோம். ஒரே சுற்றாகச் சுற்றி, கடைசியில் கரைப் புல்லுக்குள் போய்ச் செருகிவிட்டது. என்ன பிழை விட்டோம்? (நல்லூர்)

இரண்டு பிழை இருக்கலாம். பெரும்பாலான மிதி வள்ளங்களில் இருவரின் மிதியும் ஒரே அச்சைத்தான் சுற்றும், ஆகவே ஒருவர் கூடவும் மற்றவர் குறையவும் மிதிப்பதால் வள்ளம் வட்டமடிக்காது. சுக்கான்பிடியை ஒரு பக்கம் திருப்பியபடியே விட்டிருப்பீர்கள், அல்லது பாரமான இருவரும் ஒரே பக்கம் இருந்திருப்பீர்கள். சரிந்த வள்ளம் நேரே போகாது.

சுக்கானுக்கு ஓட்டம் வேண்டும். வள்ளம் நிற்கும்போது அதை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. பதறிப்போய் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பிடியை மட்டும் முறுக்குவதுதான் எல்லோரும் விடும் பிழை. மிதித்துக்கொண்டே, கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு மூன்று விநாடி பொறுங்கள்.

அடுத்தது காற்று. அன்னத்தின் உயர்ந்த கழுத்தும் கூரையும் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். அதனால் முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், கால் களைத்தபின் காற்றே கரைக்குக் கொண்டுவரும். மாறிச் செய்தால் எடுத்த அரை மணித்தியாலமும் திரும்பி வருவதிலேயே போய்விடும். புல் சிக்கினால் முன்னுக்கு அழுத்தி மிதிக்காதீர்கள், இன்னும் இறுகும். பின்னுக்கு நாலைந்து சுற்று மிதித்தால் கழன்றுவிடும். வேகத்தைக் குறைக்கவும் அதே பின்மிதிதான். ஏறும்போது ஒவ்வொருவராக, விளிம்பில் கால் வைக்காமல் நடுத்தட்டில் வைத்து ஏறுங்கள்.

கேள்வி: மோட்டோர் வள்ளமா, ஜெற் ஸ்கீயா நல்லது? (மானிப்பாய்)

வயதானவர்கள் உள்ள குடும்பத்துக்கு மோட்டோர் வள்ளம். அவர்களை அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், இருத்தாதீர்கள். அலையில் எழும்பி அடிக்கும் இடம் அதுதான், நாரிக்கு ஆகாது. நடுவுக்கும் பின்னுக்கும் இடையில் இருக்கட்டும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஜெற் ஸ்கீ எங்கள் அபிப்பிராயத்தில் அந்த வாவிக்குப் பொருந்தாத சத்தம். ஓடித்தான் ஆகவேண்டுமென்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்குச் சுக்கான் இல்லை. பின்னால் பீச்சும் தண்ணீரே அதைத் திருப்புகிறது. எதிரே ஆள் வந்ததும் பயத்தில் அக்சிலேற்றரை விட்டால் பீச்சு நின்றுவிடும். கைபிடியை எந்தப் பக்கம் முறித்தாலும் அது நேரே போய் இடிக்கும். திருப்ப வேண்டுமானால் கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுத்தே திருப்ப வேண்டும். கையில் மாட்டித் தரும் சுருள் கயிற்றைக் கழற்றாதீர்கள். நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான்.

கேள்வி: கிரகரி வாவி இயற்கை ஏரியா? (உரும்பிராய், மாணவி)

இல்லை, அணைகட்டி உண்டாக்கியது. பிரித்தானியத் தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், பிதுருதலாகல மலைப் பக்கமிருந்து வரும் ஓடையை மறித்தார்கள். பரப்பு ஏறத்தாழ 91 ஹெக்டேயர். வழியில் பார்க்கப்போகும் கண்டி வாவியும் கட்டப்பட்டதுதான்: ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807.

கேள்வி: லண்டனிலிருந்து வரும் உறவினருக்கு ரிக்கெற் வேறா? (வட்டுக்கோட்டை)

வாவிப் பூங்காவிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு கூட. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கையில் கொண்டுபோகட்டும். தமிழில் கதைப்பது மட்டும் ரிக்கெற் கொடுப்பவருக்குச் சான்றாகாது.

கேள்வி: அங்கே சமைத்த சோறு நடுவில் அரிசியாகவே கிடந்தது, பருப்பும் நசியவில்லை. அடுப்புப் பிழையா? (சாவகச்சேரி)

அடுப்பில் பிழையில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நெருப்பு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது, தண்ணீர்தான் வற்றும். குத்தரிசியை ஒரு மணித்தியாலமாவது ஊறவையுங்கள். வழமையைவிட அரைச் சுண்டு தண்ணீர் கூட விட்டு, மூடி போட்டு, கூடுதல் நேரம் அவியவிடுங்கள். பருப்புக்கு உப்பைக் கடைசியில் போடுங்கள். பிரஷர் குக்கர் கொண்டுபோனால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை.